கணினியில் முதல் மரியாதை யாருக்கு?

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்துப் புழங்குகிறவர்களின் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நேற்று வரை பவர் பட்டனை அழுத்தினால் உபுண்டுவா, விண்டோஸா என்று கேட்கும், லினக்ஸின் துவக்க நிரலான கிரப்பின் பட்டியல் வந்தது. ஒரு அப்டேட் ஓடி முடிந்தபின் பட்டியலைக் காணோம், நேரே விண்டோஸ் திறக்கிறது. உடனே கிடைக்கும் தீர்ப்பு: விண்டோஸ் கிரப்பை அழித்துவிட்டது. உடனே கிடைக்கும் மருந்து: பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி கிரப்பை மறுபடி நிறுவு. மருந்து பல நேரம் வேலை செய்துவிடுகிறது. அதனாலேயே தீர்ப்பும் சரி என்று ஆகிவிடுகிறது. தைலம் தடவியதும் தலைவலி போனால், தைலம் தடவாததுதான் தலைவலிக்குக் காரணம் என்று யாரும் சொல்வதில்லை; கணினி விஷயத்தில் மட்டும் சொல்கிறோம். என் வாதம் இதற்கு மாறானது. இவ்வகைச் சிக்கல்களில் பெரும்பாலும் எதுவும் அழிவதில்லை. வரிசை மாறுகிறது, அவ்வளவே. அந்த வரிசையில் கை வைக்க மூன்று தரப்புகளால் முடியும். எது கை வைத்தது என்று பார்க்காமல் செய்கிற பழுதுபார்ப்பு அடுத்த அப்டேட் வரைதான் தாங்கும்.

பழைய தீர்ப்பு பொய்யாகப் பிறந்ததல்ல. 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டியோடு வந்த டாஸ் 2.0, ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டரைத் துவக்கத்துக்கென்று ஒதுக்கியது. மொத்தமே 512 பைட். நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கு 64, கடைசி முத்திரைக்கு 2 போக, மிச்சமுள்ள 446 பைட்டுக்குள் துவக்க நிரல் அடங்க வேண்டும். பயாஸ் அந்த ஒரு செக்டரைப் படித்து, அதில் இருப்பதை நம்பி ஓடவிடும். எந்த இயங்குதளம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு ஆள் மட்டுமே உட்காரக்கூடிய திண்ணை அது. விண்டோஸ் வந்து உட்கார்ந்தால் கிரப் எழுந்தாக வேண்டும். ஆகவே அன்று ‘அழித்துவிட்டது’ என்பது மிகையே அல்ல, நடந்தது அதுதான். முதலில் விண்டோஸை நிறுவு, பிறகு லினக்ஸை நிறுவு என்ற அறிவுரையும் இந்தத் திண்ணையில் கடைசியாக உட்காருபவன் லினக்ஸாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்ததே. தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. மாணவர்கள் பலர் இரட்டைத் துவக்கப் பட்டியலை முதலில் கண்டது அதில்தான். அவர்கள் கற்றுக்கொண்டதும் பயாஸ் காலத்துப் பாடமே.

இன்றைய கணினியின் ஏற்பாடு வேறு. இன்டெல் தன் இட்டானியம் சர்வர்களுக்காக உருவாக்கிய இஎஃப்ஐ, 2005இல் பல நிறுவனங்கள் கூடிய மன்றத்தின் பொறுப்பில் யூஇஎஃப்ஐ ஆனது; விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் கடைக்கு வரும் லேப்டாப்புகளில் அதுவே வழக்கம். இதில் ஒற்றைத் திண்ணை கிடையாது. டிஸ்க்கில் ஃபேட் 32 வடிவில் ஒரு சிறு பார்ட்டிஷன் இருக்கும். அதற்குள் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர், ஃபெடோராவையும் நிறுவினால் அதற்கும் ஒன்று; அவரவர் துவக்கக் கோப்பு அவரவர் ஃபோல்டரில். எதை முதலில் ஓட்டுவது என்ற குறிப்போ டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டின் ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் நான்கு இலக்க எண்ணோடு ஒரு பதிவு உண்டு; அந்த எண்களை முன்பின்னாக அடுக்கிவைத்திருக்கும் ‘பூட்ஆர்டர்’ என்ற ஒரு வரியும் உண்டு. லினக்ஸ் டெர்மினலில் ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ என்று அடித்தால் இதெல்லாம் அப்படியே திரையில் வரும். (கடைசியில் வரும் எம்ஜிஆர், மேனேஜர் என்பதன் சுருக்கம்தான்; தமிழ்நாட்டில் இந்தக் கட்டளையை யாரும் மறக்காததற்குக் காரணம் வேறு.) முதல் வரியில் ‘பூட்கரன்ட் 0003’ என்றிருந்தால், இப்போது ஓடிக்கொண்டிருப்பது அந்த எண்ணுக்குரியது. அடுத்து ‘பூட்ஆர்டர் 0000, 0003, 2001’. அதன் கீழே 0000 விண்டோஸ் பூட் மேனேஜர், 0003 உபுண்டு, 2001 யுஎஸ்பி என்று விவரம். பட்டியல் காணாமல்போன கணினியில் பெரும்பாலும் தெரிவது இதே காட்சிதான். உபுண்டுவின் பதிவு இருக்கிறது, கோப்பு இருக்கிறது, ஓடவும் செய்கிறது. வரிசையில் இரண்டாவதாக நிற்கிறது என்பது மட்டுமே குறை. அதற்காக கிரப்பை மறுபடி நிறுவுவது, ரேஷன் கார்டில் பெயர் கீழே இறங்கிவிட்டது என்று வீட்டையே இடித்துக் கட்டுவது போல.

பின்னுக்குத் தள்ளியது யார்? விண்டோஸ்மீது உள்ள சந்தேகம் ஆதாரமற்றதல்ல. விண்டோஸின் துவக்கக் கோப்புகளை அமைக்கும் ‘பிசிடிபூட்’ கருவிக்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட குறிப்பிலேயே விஷயம் இருக்கிறது: விண்டோஸின் பதிவு இயல்பாகவே வரிசையின் தலையில் சேரும், கடைசியில் சேர வேண்டுமானால் ‘ஆட்லாஸ்ட்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். மறுநிறுவலின்போதோ துவக்கப் பழுது நீக்கும்போதோ இந்த வேலை நடந்தால் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்துவிடும். ஆனால் எதிர்த்தரப்பைப் பாருங்கள். கிரப்பை நிறுவும்போது மேற்சொன்ன அதே இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்தான் பதிவை உண்டாக்குகிறது. அதுவும் புதிய பதிவை இயல்பாகவே வரிசையின் தலையில் வைக்கிறது, வேண்டாமென்றால் நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். திருவிழாவில் முதல் மரியாதை எங்கள் வகையறாவுக்குத்தான் என்று இரண்டு பங்காளிகள் ஆளுக்கொரு வருடம் பரிவட்டத்தைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பது போன்ற காரியம் இது. லினக்ஸ் முந்தினால் நிறுவல் வெற்றி என்கிறோம், விண்டோஸ் முந்தினால் அழித்துவிட்டது என்கிறோம். ஒரு வேறுபாட்டை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: கிரப் முதலிடத்தில் நின்றால் விண்டோஸையும் பட்டியலில் காட்டும், விண்டோஸ் முதலிடத்தில் நின்றால் லினக்ஸைப் பற்றி மூச்சுக்கூட விடாது. அந்த அளவுக்குக் குறைப்படலாம். ஆனால் கிரப்பின் அந்தப் பெருந்தன்மைக்கும் 2021இல் வெளியான 2.06 பதிப்பில் ஒரு கத்தரி விழுந்தது. மற்ற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் ‘ஓஎஸ்-ப்ரோபர்’ பாதுகாப்பு கருதி இயல்பில் நிறுத்தப்பட்டது. அதன்பின் பட்டியலில் விண்டோஸைக் காணோம் என்று தேடியவர்களின் கணினியில் வரிசையும் மாறவில்லை, விண்டோஸும் எதுவும் செய்யவில்லை. கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்துப் பட்டியலைப் புதுப்பித்தால் போதும்.

சண்டை என்றால் இரு தரப்பைத்தான் பேசுகிறோம். பரிவட்டத்தைக் கையில் வைத்திருக்கும் பூசாரியை மறந்துவிடுகிறோம். மதர்போர்டின் ஃபர்ம்வேர்தான் அந்தப் பூசாரி. வரிசையை எழுதுவது யாராக இருந்தாலும் படித்து நடக்க வேண்டியது அதுதான், அது ஒழுங்காகப் படிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2012 நவம்பரில் லினக்ஸ் நிரலாளர் மேத்யூ கேரட் வெளிப்படுத்திய ஒரு செய்தி இன்றும் நினைவில் வைக்கத்தக்கது. லெனோவாவின் திங்க்சென்டர் எம்92பி கணினியின் ஃபர்ம்வேர், துவக்கப் பதிவின் பெயர் என்ன என்று பார்த்தது. ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்றிருந்தால் ஓடவிடும். ‘ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ்’ என்றிருந்தாலும் ஓடவிடும். ஃபெடோரா என்றிருந்தால் மறுத்துவிடும். பெயர் என்பது மனிதர் படிப்பதற்கான குறிப்பு மட்டுமே, அதை வைத்து எதையும் தீர்மானிக்கத் தரவிதியில் இடமில்லை. இங்கே விண்டோஸின் கை எங்கும் இல்லை. விண்டோஸோடு மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டுச் சந்தைக்கு அனுப்பிய ஃபர்ம்வேரின் குணம் இது. சில லேப்டாப்புகள் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் விண்டோஸைத் தேடி எடுத்து முன்னே வைக்கின்றன. சிலவற்றில் டிஸ்க்கை ஒருமுறை கழற்றி மாட்டினாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ பதிவுகளே போய்விடுகின்றன. லினக்ஸ் தரப்பும் இந்தச் சிப்பைக் கெடுத்ததுண்டு: 2017 டிசம்பரில் உபுண்டு 17.10இன் டவுன்லோடைக் கெனோனிக்கல் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது, கெர்னலில் இருந்த ஒரு இன்டெல் டிரைவர் சில லேப்டாப்புகளில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாதபடி செய்துவிட்டதால்.

இந்த இடத்தில் சர்வீஸ் கடைகளில் முதலில் மாட்டிக்கொள்வது காசு வடிவ சிமோஸ் பேட்டரி. பயாஸ் காலத்தில் அது நியாயமான சந்தேகம். யூஇஎஃப்ஐ பதிவுகள் ஃபிளாஷ் சிப்பில் இருப்பதால் பேட்டரி தீர்ந்தாலும் அவை அழிய வேண்டியதில்லை. பேட்டரி செத்ததும் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும் மதர்போர்டுகளில் மட்டும் வரிசையும் கூடவே போகும். அப்படியானால் தேதியும் பல வருடம் பின்னே போயிருக்கும், அதுதான் அடையாளம். மணி மட்டும் துல்லியமாக ஐந்தரை மணி நேரம் பிசகியிருந்தால் பேட்டரியை விட்டுவிடலாம்: கணினிக் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதால் வருவது அது.

மூன்று தரப்பையும் பிரித்தறிய ஒரு கட்டளையும் பொறுமையும் போதும். கணினி ஆன் ஆகும்போது ஒருமுறைத் துவக்கப் பட்டியலைக் கொண்டுவரும் விசையை அழுத்த வேண்டும்; நிறுவனத்துக்கு ஏற்ப எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று அது மாறும். விசைக்கு அசையாவிட்டால் விண்டோஸுக்குள் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தாலும் அங்கே போகலாம். அந்தப் பட்டியலில் உபுண்டு தெரிந்து, தேர்ந்தெடுத்ததும் கிரப் வந்துவிட்டால், போனது வரிசை மட்டுமே. பெயரே இல்லையென்றால் பதிவு போயிருக்கிறது, ஆனால் கோப்பு இருக்கக்கூடும். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி அந்தச் சிறு பார்ட்டிஷனைத் திறந்து உபுண்டு ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஃபோல்டரும் இல்லை என்றால்தான் உண்மையில் அழிந்திருக்கிறது, அப்போதுதான் கிரப்பை மறுபடி நிறுவுவதற்கு வேலை. கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நின்றால் வரிசையில் எந்தக் குற்றமும் இல்லை: கிரப்பின் தலை ஓடிவிட்டது, உடலைத் தேடுகிறது, லினக்ஸ் பார்ட்டிஷனை யாரோ நீக்கியிருக்கிறார்கள் அல்லது இடம் மாற்றியிருக்கிறார்கள். இரண்டு இயங்குதளங்களில் ஒன்று பழைய பயாஸ் முறையிலும் மற்றொன்று யூஇஎஃப்ஐ முறையிலும் நிறுவப்பட்டிருந்தால் ஒன்றின் பட்டியலில் மற்றொன்றை வைத்து ஓட்டவே முடியாது. எந்த வரிசையை மாற்றினாலும் அது தீராது.

போனது வரிசை மட்டும்தான் என்று தெரிந்தபின் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். இஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் ‘0003, 0000’ என்று புது வரிசையைக் கொடுத்துவிட்டு, விண்டோஸ் பக்கமே போகாமல் கணினியை முழுக்க அணைத்து மறுபடி ஆன் செய்ய வேண்டும். வரிசை அதற்குள்ளேயே பழையபடி ஆகியிருந்தால் விண்டோஸ் நிரபராதி, மாற்றியது ஃபர்ம்வேர். வரிசை நிலைத்து நின்று, விண்டோஸுக்குள் ஒருமுறை போய்வந்தபின் மாறினால் குற்றவாளி விண்டோஸ். முதல் வகைக்கு ஃபர்ம்வேரின் சொந்த அமைப்புத் திரையில் போய் வரிசையை மாற்றிப் பார்க்கலாம்; தன் திரையில் எழுதியதை மட்டும் மதிக்கும் பூசாரிகளும் உண்டு. இரண்டாம் வகைக்கு விண்டோஸின் ‘பிசிடிஎடிட்’ வழியாகவே உபுண்டுவின் பதிவை வரிசையின் தலைக்கு ஏற்றலாம். பரவலாகச் சொல்லப்படும் வேறொரு வழி, விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பதிவுக்குள் இருக்கும் கோப்புப் பாதையையே கிரப்பின் பாதையாக மாற்றிவிடுவது. பெயர்ப் பலகை விண்டோஸ், உள்ளே இருப்பது கிரப். பெயரைப் பார்த்து ஏமாறும் ஃபர்ம்வேருக்கு இது ஏற்ற மருந்துதான், ஆனால் அங்கே மட்டும். ஒழுங்கான கணினியில் இதைச் செய்தால் விண்டோஸ் தன் பதிவைப் பழுதுபார்க்கும்போது பாதை பழையபடி ஆகிவிடும். மறுபடி அழித்துவிட்டது என்ற புகார் எழும். இதைவிடச் சுத்தமான வழி, அந்தச் சிறு பார்ட்டிஷனின் ‘இஎஃப்ஐ’ ஃபோல்டருக்குள் ‘பூட்’ என்ற பொது ஃபோல்டரில் லினக்ஸின் துவக்கக் கோப்பின் நகலை வைப்பது. பதிவுகள் எல்லாமே தொலைந்தால் ஃபர்ம்வேர் கடைசியாகத் தேடும் இடம் அது. கிரப்புக்கு முன்னால் ஓடுவதற்காக லினக்ஸ் விநியோகங்கள் பயன்படுத்தும் ‘ஷிம்’ நிரலோடு அதன் துணைக் கோப்பும் அங்கே இருந்தால், தொலைந்த பதிவுகளை அது தானே மறுபடி எழுதிவிடும்.

வரிசையில் லினக்ஸ்தான் எப்போதும் முதலில் நிற்க வேண்டும் என்பதும் ஆராயாமல் ஏற்ற நம்பிக்கையே. விண்டோஸ் டிஸ்க்கை பிட்லாக்கரில் பூட்டி வைத்திருந்தால், துவக்கப் பாதையில் யார் யார் வந்தார்கள் என்பதை மதர்போர்டின் டிபிஎம் சிப் அளந்து வைக்கிறது. கிரப் வழியாக விண்டோஸுக்குப் போனால் அளவு மாறி, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அப்படிப்பட்ட கணினியில் விண்டோஸை முதலில் விட்டு, லினக்ஸ் வேண்டியபோது எஃப்12 அழுத்துவதே சரி. அல்லது ‘பூட்நெக்ஸ்ட்’ என்ற பதிவைப் பயன்படுத்தலாம்: அடுத்த ஒருமுறைக்கு மட்டும் இதை ஓட்டு என்று சொல்லும், நிரந்தர வரிசையைத் தொடாது. யாருடைய பரிவட்டத்தையும் அவிழ்க்காத ஏற்பாடு அது; இதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, ‘பூட்-ரிப்பேர்’ கருவியின் ஒரு பட்டன் போதாதா என்று கேட்கலாம். போதும் என்ற நிலை உண்டு, ஃபோல்டரே அழிந்திருந்தால். ஆனால் அந்தக் கருவி எல்லா நோய்க்கும் கொடுக்கும் முதல் மருந்து கிரப்பை மறுபடி நிறுவுவதுதான். விண்டோஸின் துவக்கக் கோப்பையே பெயர் மாற்றும் வசதியும் அதில் உண்டு. ஒரு எண்ணை முன்னே நகர்த்தினால் தீர்ந்திருக்கும் இடத்தில் அதை அழுத்துகிறவர் இரண்டாவது நோயையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். இரண்டு தனி டிஸ்க் வைத்தால் சண்டையே இல்லை என்பது இன்னொரு வாதம். பயாஸ் காலத்தில் அது முழு உண்மை. ஆளுக்கொரு திண்ணை கிடைத்துவிடும். இன்றோ கோப்புகள் தனித்தனி டிஸ்க்கில் இருந்தாலும் வரிசை எழுதப்பட்டிருப்பது மதர்போர்டில், மதர்போர்டு ஒன்றுதான். போதாததற்கு, இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது நிறுவினால், ஏற்கெனவே இருக்கும் துவக்கப் பார்ட்டிஷனிலேயே விண்டோஸ் தன் கோப்புகளைப் போட்டுவிடுவதுண்டு. உபுண்டுவின் பழைய நிறுவிக்கும் நாம் சொன்ன டிஸ்க்கை விட்டு முதல் டிஸ்க்கில் கிரப்பை வைக்கும் பழக்கம் உண்டு. தனி டிஸ்க் கோப்பைக் காக்கும், வரிசையைக் காக்காது.

நம்பகமான கையொப்பமுள்ள துவக்க நிரலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்ற அறிவுரைக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் இரட்டைத் துவக்கக் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் ஏறவில்லை. ஷிம்மின் ‘எஸ்பாட்’ சோதனை தோற்றது, ஏதோ பெரிதாகத் தவறிவிட்டது என்ற பொருளில் ஒரு வரி வந்து கணினி அணைந்தது. கிரப்பில் 2022இல் வெளிப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டைக்காகப் பழைய துவக்க நிரல்களைத் தடைசெய்யும் அப்டேட் அது. இரட்டைத் துவக்கக் கணினிகளை விட்டுவிடும் என்றே மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. சில ஏற்பாடுகளை அதனால் அடையாளம் காண முடியவில்லை. இங்கே விண்டோஸ் தரப்பு குற்றவாளி என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அன்றும் வரிசை அப்படியே இருந்தது. முதலில் நின்றவர் முதலில்தான் கூப்பிடப்பட்டார். அடையாள அட்டை செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். அதற்கு மருந்து, செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸில் ஏறி அந்தத் தடைப்பட்டியலை நீக்கி, ஷிம்மைப் புதுப்பித்து, மறுபடி ஆன் செய்வது. அன்று கிரப்பை மறுபடி நிறுவிப் பார்த்தவர்கள் பழைய ஷிம்மையே மறுபடி வைத்திருந்தால் அதே வரிதான் மறுபடி வந்திருக்கும். செக்யூர் பூட்டை நிரந்தரமாக அணைத்து வைப்பது வாசல் காவலாளி ஒருநாள் தவறாகத் தடுத்ததற்காகக் கதவையே கழற்றி வைப்பதாகும்.

கடைசி மறுப்பு, இரட்டைத் துவக்கமே இன்று தேவையா என்பது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கெர்னலை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 என்ற வசதி 2019 முதல் இருக்கிறது. நிரல் எழுதவும் டெர்மினலில் பழகவும் மட்டும் லினக்ஸ் வேண்டியவர்களுக்கு அது போதும், அவர்கள் இந்தத் தலைவலியை வாங்க வேண்டியதில்லை. ஆனால் 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபின் லினக்ஸ் பக்கம் திரும்புகிறவர்களில் பலருடைய கணினி அந்த வகையல்ல. டிபிஎம் 2.0 இல்லை என்றோ பிராசஸர் பழையது என்றோ விண்டோஸ் 11ஆல் ஒதுக்கப்பட்டது. நான்கு ஜிபி ரேமில் ஒன்றுக்குள் இன்னொன்றை ஓட்டுவது நடக்கிற காரியமில்லை. பழைய கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸை ஒரு பார்ட்டிஷனில் விட்டு, மற்றதற்கு லினக்ஸை நிறுவிக்கொள்கிறார்கள். இவை பெரும்பாலும் 2012க்கும் 2017க்கும் இடையே வந்த கணினிகள், அதாவது யூஇஎஃப்ஐயின் தொடக்க காலத்து ஃபர்ம்வேரைச் சுமப்பவை, விண்டோஸோடு மட்டும் சோதிக்கப்பட்டவை. அவற்றுக்குப் புதிய பயாஸ் அப்டேட் இனி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அணைத்து ஆன் செய்யும் அந்தச் சோதனையில் வரிசை நிற்காத கணினி கையில் கிடைத்தால், நிறுவிய அன்றே பொது ஃபோல்டரில் ஒரு நகலை வைத்துவிட்டு, எஃப்12 என்று ஒரு சீட்டெழுதி விசைப்பலகையின் ஓரத்தில் ஒட்டிவைப்பதுதான் செய்யக்கூடியது.